ஒரே பாடவேளையில் இரண்டு பயம்

கட்டுறு பயிற்சிக்கு வரும் கல்வியியற் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறைகளில் ஒரு கதை அடிக்கடி அடிபடும். "இப்பத்தைய பிள்ளையள் போனோடையே பிறந்ததுகள். அதுகளுக்கு ரெக்னோலொஜி ஆரும் சொல்லிக் குடுக்க வேணுமே?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, அரை மணித்தியாலத்துக்குள் அழகாக ஏற்றிவிடுகிற அதே பிள்ளை, வட்ஸ்அப்பில் வந்த ஒரு பீடிஎஃப் லப்டொப்பில் எங்கே போய் இருந்தது என்று தேடி அலைவதை நான் பார்த்திருக்கிறேன். தன்பாட்டுக்குப் போன் பாவிப்பது வேறு, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது வேறு. முதலாவது தெரிந்தவருக்கு இரண்டாவதற்கான துணிவு தானாக வந்துவிடும் என்று நினைத்து நாங்கள் கைகழுவி விடுகிறோம்.

அதிலும் இருமொழி வகுப்புக்கு வருகிற பயிலுநர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. கனநாளாக இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். நீளமாகப் போகும், தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இலங்கையில் இருமொழிக் கல்வி என்று நாங்கள் சொல்வது, 2002ஆம் ஆண்டளவில் தரம் 6இல் இருந்து தொடங்கிய ஏற்பாடு. ஆசிரியர் வசதி உள்ள பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கலாம். தாய்மொழி, சமயம், வரலாறு எல்லாம் தாய்மொழியிலேயே நடக்கும். இந்த வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதில் கஷ்டமே இல்லை, பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். படிப்பிக்க ஆளைத்தான் தேட வேண்டும். நாட்டில் 19 தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை என்று போவார்கள். இரண்டு வருடம் அங்கே விடுதியில் இருந்து படித்து, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி செய்வார்கள். அந்த மூன்றாவது வருடத்தில்தான் அவர்கள் என் போன்றவர்களின் கையில் வந்து விழுகிறார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், தமிழ் மொழிமூல வகுப்புக்கும் இருமொழி வகுப்புக்கும்.

வருகிற பிள்ளைகளில் பலர் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். பாட அறிவில் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் வாசிப்பார்கள், விளங்கிக்கொள்வார்கள், பரீட்சையும் எழுதுவார்கள். வாயைத் திறந்து ஒரு வகுப்பை நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் கொண்டுபோவது என்று வந்தால் மட்டும் கை நடுங்கும்.

வன்னிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளை. தரம் 7 இருமொழி வகுப்பு, மின்சுற்றுப் பாடம். இரவு முழுக்க இருந்து ஸ்லைட் செய்திருந்தாள். படம், அம்புக்குறி, நிறம் எல்லாம் ஒழுங்கு. மல்டிமீடியாவும் சொன்னபடி கேட்டது, படம் விழுந்தது. பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பார்த்தேன், பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்லைட்டில் இருந்ததை வரி வரியாக வாசித்துக்கொண்டிருக்கிறாள். பின்வாங்கில் இரண்டு பெடியள் அழிறப்பரில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பாடம் முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் பிள்ளை, திரையைப் பாத்துக்கொண்டே நிண்டனீங்கள்?"

"பிள்ளையளைப் பாத்தா இங்கிலீஷ் மறந்து போகுது ரீச்சர். ஸ்லைட் இல்லாட்டி அடுத்த வசனம் வராது. ஸ்லைட் இடையிலை நிண்டுபோனா என்ன செய்யிறதெண்டு அதுக்கும் நெஞ்சு அடிக்குது."

இந்த ஒரு பதிலுக்குள் முழு விஷயமும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பயந்து கருவியில் சாய்கிறாள், அந்தக் கருவியையும் நம்ப முடியவில்லை. இரண்டு பயமும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. ஒரு கேபிள் கழன்றால் போவது படம் மட்டுமில்லை, அவளுடைய பேச்சும்தான். வெளியில் இருந்து பார்க்கிற அதிபருக்கோ விரிவுரையாளருக்கோ 'தொழினுட்பம் பாவித்துப் பாடம் நடக்கிறது' என்று தெரியும். மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு சரியும் விழும்.

இதற்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கிற மருந்து கருத்தரங்கு. ஒரு சனிக்கிழமை, ஒரு மண்டபம், முன்னுக்கு ஒரு வளவாளர். அவருடைய லப்டொப், அவருடைய இன்டர்நெட், அவர் பழகிய செயலிகள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து செயலிகளைக் காட்டிவிடுவார். எல்லாரும் குறிப்பு எழுதுவார்கள், பின்னேரம் சான்றிதழோடு வீட்டுக்குப் போவார்கள். திங்கட்கிழமை வகுப்பில் வெண்கட்டிதான். கல்லூரிப் பாடத்திலும் டிபேக் என்று ஒன்று படிப்பிக்கிறார்கள். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழினுட்ப அறிவு மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகிற மூன்று வட்டங்கள், 2006இல் மிஷ்ராவும் கோலரும் எழுதியது. நல்ல சிந்தனை, மறுக்கவில்லை. அந்த மூன்று வட்டத்தையும் அளவு பிசகாமல் கீறத் தெரிந்த பிள்ளைக்கு மல்டிமீடியாவின் சோர்ஸ் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

துணிவு எப்படி வருகிறது என்பதைப் பற்றி அல்பேர்ட் பண்டூரா 1977இலேயே எழுதிவிட்டார். கல்வி உளவியல் படித்த எல்லாரும் இந்தப் பெயரைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்போம். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம் முதலாவது, பலமானதும் அதுதான். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. நம்புகிற ஒருவர் 'உன்னால் ஏலும்' என்று சொல்வது மூன்றாவது. நெஞ்சடிப்பு, வியர்வை போன்ற உடல்நிலையை ஆள் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது நான்காவது. இப்போது அந்தச் சனிக்கிழமைக் கருத்தரங்கை இதோடு வைத்துப் பாருங்கள். தானே செய்த அனுபவம் இல்லை. முன்னுக்கு நிற்கிறவர் தன்னைப் போன்றவரும் இல்லை, ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிற நிபுணர். அவரைப் பார்க்கப் பார்க்க 'எனக்கு இது சரிவராது' என்ற எண்ணம்தான் கூடும்.

ஆகவே நான் இப்போது செய்வது வேறு. இரண்டு பயத்தையும் பிரித்து வைக்கிறேன். முதல் கொஞ்சக் காலம் பயிலுநர் கருவி பாவிப்பது தமிழ் மொழிமூல வகுப்பில் மட்டும். அங்கே பேச்சு தடையில்லாமல் வரும். மல்டிமீடியா நின்றுபோனால்கூட, "சரி பிள்ளையள், புத்தகத்தைத் திறவுங்கோ" என்று சிரித்துக்கொண்டே பாடத்தைத் தொடர முடியும். அதே காலத்தில் இருமொழி வகுப்பில் வெண்கட்டியும் வாயும் மட்டும்தான். பாடப்புத்தகம், கரும்பலகை, ஆங்கிலம். அங்கே ஆங்கிலம் தடக்கினால் அதற்குக் கருவி காரணம் இல்லை, கருவி தடக்கினால் அதற்கு ஆங்கிலம் காரணம் இல்லை. எது எங்கே பிழைக்கிறது என்று பிள்ளைக்கே தெளிவாகத் தெரியும். இரண்டிலும் ஒரு பிடி வந்த பிறகுதான் சேர்த்துச் செய்ய விடுகிறேன். 'இருமொழி வகுப்புத்தானே, நவீனமாக நடக்க வேண்டும்' என்று முதல் வாரமே ஸ்மார்ட் போர்ட்டுக்கு முன்னால் தள்ளுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

கருவிப் பக்கத்தில் பழக வேண்டியது என்ன என்று கேட்டால், செயலிகளின் பட்டியலை நான் நீட்டமாட்டேன். பிளக்கில் இருந்து தொடங்குவேன். எங்கள் நாட்டில் சுவரில் வட்டத் துளை இருக்கும், லப்டொப் வயரில் சதுரப் பின் இருக்கும். அல்லது மாறி இருக்கும். எத்தனை பாடம் இந்தச் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் செத்துப் போயிருக்கிறது தெரியுமா? பையில் ஒரு மல்டி பிளக் எப்போதும் கிடக்க வேண்டும். அடுத்தது, பழைய மல்டிமீடியாவில் விஜிஏ வாய், புதிய லப்டொப்பில் எச்டிஎம்ஐ வாய் மட்டும். நடுவில் ஒரு மாற்றி வேண்டும். வயரைக் கொளுவிய பிறகும் நீலத் திரைதான் நிற்கிறதா? விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அமத்தி, 'டூப்ளிகேட்' என்பதைத் தெரிய வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் மல்டிமீடியாவின் சோர்ஸ் பொத்தான். பிறகு வெளிச்சம். எங்கள் வகுப்பறைகள் பல அரைச்சுவர், பத்து மணி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. அந்த வகுப்புக்கு எந்த மூலையில், எந்தப் பாடவேளையில் படம் தெரியும் என்று முன்கூட்டிப் பார்த்து வைக்க வேண்டும். இவ்வளவையும் வெறும் வகுப்பறையில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, என் கை படாமல் பயிலுநரே செய்ய வேண்டும். நான் கதிரையில் இருந்து பார்ப்பேன். இடையில் வாயைத் திறக்கவும் மாட்டேன். கொளுவுவது, கழற்றுவது, திரும்பக் கொளுவுவது. இரண்டு மூன்று பின்னேரத்தில் கை பழகிவிடும். மொழியே தேவைப்படாத வேலை என்பதால் இதில் வெற்றி விரைவாகக் கிடைக்கும், பண்டூரா சொன்ன முதலாவது ஊற்று இங்கேயே கசியத் தொடங்கும்.

தமிழ் எழுத்து தனி வில்லங்கம். தமிழ் மொழிமூல வகுப்புக்கு ஸ்லைட் செய்யும் பிள்ளை அச்சகத்திலோ வீட்டிலோ பழகியபடி பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டு வருவாள். பாடசாலைக் கணினியில் பாமினி இல்லையென்றால் திரையில் ஆங்கில எழுத்துகள் கொட்டுண்டு கிடக்கும். 'தமிழ்' என்ற சொல்லே ஒரு ஜே, ஒரு கே, ஒரு பி, ஒரு ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். அந்த இடத்தில் வேர்த்துப்போய் நின்ற பிள்ளை பிறகு பல நாள் கணினிப் பக்கமே போகாது. ஆகவே முதல் நாளே சொல்லிவிடுவேன், யுனிகோட்டில் அடியுங்கள். பழைய பாமினிக் கோப்பு இருந்தால் மாற்றித் தருகிற தளங்கள் இருக்கின்றன, மாற்றுங்கள். ஒன்றும் ஏலாவிட்டால் பீடிஎஃப் ஆக்கிக்கொண்டு வாருங்கள், எழுத்து அதற்குள்ளேயே இருக்கும். இதைக் கல்லூரியில் முதல் வருடமே ஏன் கட்டாயமாக்குவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

மின்சாரம் போனால்? எல்லாப் பயிலுநரும் கேட்கிற கேள்வி இது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த நாடு இது. கேள்வியில் பிழையில்லை. என் விதி ஒன்றுதான்: திரையில் காட்டப் போகிற படங்களில் மிக முக்கியமான ஒன்றை டிமைத் தாளில் பெரிதாகக் கீறி, சுருட்டி, மேசைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். ஒன்று போதும். கரண்ட் போகாத நாளிலும் அது அங்கே கிடக்க வேண்டும். அந்தச் சுருள் கீழே கிடக்கிறது என்ற நினைப்பே பாதி நடுக்கத்தை நிறுத்திவிடுகிறது. வகுப்புக்கு முதல் "டிமை கொண்டு வந்தனீங்களோ?" என்று மட்டும் கேட்பேன், ஸ்லைட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

இனி இரண்டையும் சேர்க்கிற கட்டம். இங்கே எந்தக் கருவியைத் தெரிகிறோம் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. ஸ்லைட் என்பது ஆசிரியரைப் பேச வைக்கிற கருவி. ஆங்கிலம் தடக்குகிற ஆளுக்கு அதைக் கொடுத்தால் வன்னிப் பிள்ளைக்கு நடந்ததுதான் நடக்கும். மாணவரைப் பேச வைக்கிற கருவியைக் கொடுத்துப் பாருங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தை விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. காசு இல்லை. திரையில் செய்து பார்க்கிற அதன் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் இறக்கி, பென்னில் போட்டுக் கொண்டுவந்தால் இன்டர்நெட் இல்லாமலே ஓடும். சிலவற்றுக்குத் தமிழிலும் முகப்பு உண்டு. மின்சுற்றுச் செய்கிற ஒன்று அதில் இருக்கிறது. மின்கலம், மின்குமிழ், ஆளி, வயர் எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பொருத்தலாம். மின்குமிழ் இல்லாமல் மின்கலத்தின் இரண்டு முனையையும் நேரே வயரால் தொடுத்தால் திரையில் தீப்பிடிக்கும்!

வன்னிப் பிள்ளை அதே பாடத்தைத் திரும்ப எடுத்தபோது இதைத்தான் கொண்டுபோனாள். ஒரு மாணவியை முன்னுக்குக் கூப்பிட்டு மவுசைக் கொடுத்தாள். தீப்பிடித்ததும் வகுப்பே கத்தியது, அழிறப்பர் கிரிக்கெட்காரர்கள் உட்பட. பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது குட்டிக் குட்டிக் கேள்விகள்தான். என்ன நடந்தது? ஏன்? அடுத்தது எதை மாற்றுவோம்? இனி என்ன நடக்கும்? மூன்று நான்கு சொல்லுக்கு மேல் எந்தக் கேள்வியும் போகவில்லை. பதில்கள் அரைவாசி தமிழிலும் அரைவாசி ஆங்கிலத்திலும் வந்தன. அதை அவள் ஆங்கிலத்தில் ஒரு வசனமாக்கிக் கரும்பலகையில் எழுதினாள், பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். திரையைப் பார்க்க அவளுக்கு நேரமே இருக்கவில்லை, வகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்படித் தமிழும் ஆங்கிலமும் கலந்து போவது பிழை என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 'இருமொழி வகுப்பில் தமிழ் கேட்கக்கூடாது' என்று பயிலுநரை வெருட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழியும் ஆங்கிலமுமாகப் படிப்பிக்கிற வகுப்புகளைப் பார்த்து, ஒரு மொழியில் வாசித்து மறுமொழியில் பேசியோ எழுதியோ காட்டுகிற முறையைக் கென் வில்லியம்ஸ் என்பவர் 1990களில் எழுதி வைத்தார். பிறகு நியூயோர்க்கில் ஒஃபேலியா கார்சியா அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். பெயர் சொல்லித்தான் துணிவு வரவேண்டும் என்றால் இந்த இரண்டு பெயரையும் பாவித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் ரியூசன் வாத்திமார் இதைப் பெயர் வைக்காமலே எத்தனையோ வருடமாகச் செய்து வருகிறார்கள்.

கவனிக்க வேண்டிய ஒரு குழி இருக்கிறது. பயிலுநர்கள் பாடம் ஆயத்தம் செய்ய யூரியூப்புக்கும் கூகிள் மொழிபெயர்ப்புக்கும் போவார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் போகிறார்கள். அங்கே கிடைக்கிற தமிழ் அநேகமாகத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத் தமிழ். எங்கள் ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, கலம் செல் ஆகிவிடும், செம்பக்கம் கர்ணமாகிவிடும். இவை பரவாயில்லை, ஆள் தடக்கி நின்று யோசிக்கும், திருத்தலாம். ஆபத்தானது வேகம். எங்கள் பாடத்திட்டத்தில் திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். தமிழ்நாட்டில் திசையில்லாததுதான் வேகம், திசையுள்ளது திசைவேகம். தமிழ்நாட்டு வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதினால் இரண்டும் தலைகீழாகப் பிள்ளைகளின் கொப்பியில் ஏறிவிடும். தடக்கமே தெரியாது, சாதாரண தரப் பரீட்சையில்தான் தெரியும்.

இதற்குக் கைமருந்து இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் ஒரே தரத்தின் பாடப்புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பீடிஎஃப் ஆகக் கிடக்கிறது. இலவசம். அத்தியாயங்களும் படங்களும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, சொல்லுக்குச் சொல் பார்த்து, தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதச் சொல்வேன். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யூரியூப்புக்குப் போகட்டும், செயற்கை நுண்ணறிவிடமும் கேட்கட்டும். 'இந்தச் சொற்களைத்தான் பாவிக்க வேண்டும்' என்று பட்டியலைக் கொடுத்தே கேட்கலாம், அதற்கும் பழக்குகிறேன். அது தருவதைப் பரிசோதிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதன் முன்னால் கூச்சம் வராது. இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு இருக்கிற பெரிய வசதி இதுதான், ஒரு பக்கத்தில் பிழைத்ததை மறுபக்கத்தை வைத்துப் பிடிக்கலாம். பயிலுநர்கள் தங்களின் அரைகுறை ஆங்கிலத்தை நினைத்துக் கவலைப்படுகிற அளவுக்கு இந்த வசதியை எண்ணிப் பார்ப்பதில்லை.

உச்சரிப்புக்குப் போனே போதும். ஐசோசெலீஸ், ஹைபோட்டனியூஸ் போன்ற சொற்களில்தான் புதியவர்கள் சறுக்குவது. அகராதிச் செயலியில் ஒலியை அமத்திக் கேட்டு, திரும்பச் சொல்லி, பாடத்தின் முதல் இரண்டு நிமிடத்தைப் போனில் வீடியோவாக எடுக்கச் சொல்கிறேன். என்னிடம் காட்டத் தேவையில்லை. தனிய இருந்து பார்த்துவிட்டு அழித்துவிடலாம். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் நுண்கற்பித்தல் தொடங்கியபோது இதே வேலைக்குப் பெரிய கமராவும் ஒளிப்பதிவு இயந்திரமும் தேவைப்பட்டன. இன்றைக்கு எல்லாம் சட்டைப்பைக்குள் கிடக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து சொல்வது ஒன்றுதான்: "நினைச்ச அளவுக்கு மோசமில்லை ரீச்சர்."

மாணவர்களின் உதவியை எடுப்பதில் பயிலுநருக்கு ஒரு தயக்கம் உண்டு. "பெடியள் வந்து வயர் கொளுவினா என்னை மதிப்பினமோ?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான பயம்தான், இருபத்து மூன்று வயதில் எனக்கும் இருந்திருக்கும். நான் செய்வது, வகுப்பில் இரண்டு மாணவர்களுக்கு அந்தப் பொறுப்பை முறைப்படி கொடுப்பது. கரும்பலகை அழிக்க ஆள் இருக்கிறது, வரவுப் பதிவேடு கொண்டுபோக ஆள் இருக்கிறது, மல்டிமீடியாவுக்கும் ஆள் இருக்கட்டும். பொறுப்பாகக் கொடுத்தால் அது ஆசிரியரின் ஏற்பாடு. அவசரத்தில் "ஆருக்காவது தெரியுமோ?" என்று கூப்பிட்டால்தான் மதிப்புக் குறையும்.

பண்டூராவின் இரண்டாவது ஊற்றுக்கு என்னிடம் ஒரு வழிதான் இருக்கிறது. ஒரு பயிலுநரின் பாடத்தைப் பார்க்க மற்றப் பயிலுநரைப் பின்வாங்கில் இருத்துவது. என் பாடத்தைப் பார்த்தால் 'ரீச்சர் கனகாலப் பழக்கம், ரீச்சருக்கு வரும்' என்று போய்விடுவார்கள். தன்னோடு விடுதியில் படுத்தெழும்பிய கூட்டாளி தடக்கித் தடக்கி ஒப்பேற்றுவதைப் பார்த்தால் கதையே வேறு.

இவ்வளவும் ஒரு பொறுப்பாசிரியர் தனியாகச் செய்யக்கூடியவை. செய்ய முடியாத இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று மதிப்பீடு. விரிவுரையாளர் பார்க்க வருகிற நாளில் எல்லாப் பிள்ளையும் மல்டிமீடியாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பாடத்துக்கு அது வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியே எழுவதில்லை, புள்ளி அங்கே இருக்கிறது. அடர்த்தியைப் படிப்பிக்க ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முட்டையும் கொஞ்ச உப்பும் போதும் என்று தீர்மானித்து, திரையை மூடி வைத்த பயிலுநருக்கும் தொழினுட்பத்துக்கான முழுப் புள்ளியைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எதைப் பாவிக்கத் தேவையில்லை என்று தெரிவதும் அந்தத் திறமைக்குள் அடக்கம். படிவம் இதற்கு இடம் வைக்கவில்லை.

மற்றது திறப்பு. பல பாடசாலைகளில் கணினி அறைக்கும் ஸ்மார்ட் போர்ட்டுக்கும் நல்ல சாமான்கள் வந்திருக்கின்றன. துணி போட்டு மூடி, அறையைப் பூட்டி, திறப்பு அலுமாரிக்குள் இருக்கும். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பொருட்பதிவேட்டில் கையெழுத்து வைத்தவர், பழுதானால் தன் தலையில் விழும் என்று பயப்படுகிறார். கணக்காய்வுக்கு வருகிறவர்கள் 'இது ஏன் உடைந்தது' என்று கேட்பார்கள், 'இது ஏன் இன்னும் புதிதாகவே இருக்கிறது' என்று கேட்கமாட்டார்கள். இதற்கிடையில் மூன்றாம் வருடம் முடிந்து பிள்ளை நியமனம் பெற்று வேறு மாவட்டத்துக்குப் போய்விடும், அந்த அறைக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்காமல்.

அடுத்த அணி பாடசாலைகளுக்கு வரப்போகிறது. அதிபர்மாரும் பொறுப்பாசிரியர்மாரும் இதை வாசித்தால் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே கணினி அறைத் திறப்பைக் கொடுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் உள்ளே இருந்து கொளுவிக் கழற்றிப் பார்க்க விடுங்கள். பதிவேட்டில் கையெழுத்தை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள், நீங்கள் வையுங்கள்.